பச்சைப் புள்ளிக்காரர்

வண்டி நின்றுவிட்டது. அறுநூறு மீட்டர் ஆழத்தில், சுரங்கத்தின் கோடியில், தாது அள்ளும் நாற்பது டன் லோடர். அதன் ஓட்டுநரோ மேலே ஏசி அறையில், சுழல் நாற்காலியில், வண்டியைத் திருப்பும் குட்டிக் குச்சியைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தார்.

ஏசி அறைச் சங்கதி வீட்டுக்குத் தெரியாது. சென்சார் மாட்டிய புது வண்டியை மேலிருந்தே ஓட்டும் ஏற்பாடு வந்து அரை வருஷம் ஆகிறது. ஆனாலும் மனிதர் தினமும் முகத்தில் கொஞ்சம் புழுதியைத் தடவிக்கொண்டுதான் வீடு திரும்புவார். குளிக்க வெந்நீர், கால் பிடித்துவிட மனைவி. யாருக்குத்தான் விட மனசு வரும்? போதாக்குறைக்கு, வண்டி போகும் இடத்தைக் காட்டும் வரைபடத்தை மனைவியின் போனில் ஏற்றி, "இந்தப் பச்சைப் புள்ளி நான்தான்" என்று வேறு சொல்லிவைத்திருந்தார்.

தெருவே அந்தப் புள்ளிக்கு அடிமை. எந்தக் கிணறும் எட்டாத ஆழத்தில், கெட்டிப் பாறைக்கு நடுவே, ஒரு பச்சைப் பொட்டு எறும்புபோல ஊர்ந்து போவதைப் பார்த்தால் மெய் சிலிர்க்காதா? எதிர்வீட்டு அத்தை அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து நிற்பாள். "நம்ம காலுக்குக் கீழதான் போறாரு" என்பாள், தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல.

அந்தப் புள்ளி இப்போது நின்றுவிட்டதல்லவா, அவர் வண்டியைப் பின்னால் எடுத்துப் பார்த்தார். சென்சாரில் சேறு அப்பியிருந்தது போலும். புள்ளி ஒரே தாவாகத் தாவிப் பாறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பதறிப்போய் எல்லாவற்றையும் அணைத்தார். புள்ளியே காணாமல் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க தெருவே கேட்டுல வந்து நிக்குது. அண்ணிதான் முன்னாடி."

"அழறாளா?"

"இன்னும் இல்லண்ணே."

மானம் போகாமல் கீழேயிருந்து மேலே வரவேண்டுமானால், முதலில் கீழே போயாக வேண்டுமே. பின்கதவு வழியாக நழுவி, தலைவிளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். அது இறங்கத் தொடங்கியதும் மேலே மனைவியின் அழுகுரல் கேட்டது.

வண்டியை நேரில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சக்கரம் மட்டுமே அவர் உயரம். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. இந்த மலையையா இத்தனை நாளும் கட்டைவிரலால் திருப்பிக்கொண்டிருந்தோம்? இந்த இருட்டில் இதற்கு எப்படி வழி தெரிந்தது? சென்சாரைச் சட்டையால் துடைத்தார். மேலே ஏசி அறையில் பக்கத்து நாற்காலிக் கூட்டாளியிடம் வயர்லெஸ்ஸில் சொல்லி வண்டிக்கு உயிர் கொடுக்கவைத்தார்.

கேட்டில், மனைவியின் போனில் புள்ளி திரும்ப முளைத்ததும் தெருவே கைதட்டியதாம். சேறும் புழுதியுமாக அவர் வெளியே வந்தபோது எதிர்வீட்டு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, தெருக்காரர்கள் வந்திருந்த வேனில் இடம் பிடிக்கப் போனாள்.

அவர் வாட்ச்மேனிடம் தொப்பியை நீட்டினார். "எப்படித் துடிச்சுப் போயிட்டா பாத்தியா? பாவம், சூதுவாது தெரியாதவ."

"ஆமாண்ணே" என்றார் வாட்ச்மேன். "வந்ததுமே என் காதுல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. 'தெருவே பாக்குதுப்பா. அவரு ஏசி ரூம்லேருந்து கீழ எறங்கினதும் ஒரு சைகை காட்டு, நான் அழ ஆரம்பிக்கணும்'னு."