தலைப்பொங்கலில் ஒரு சறுக்கல்

எனக்கு லாங்போர்டில் ஏறி நிற்கத் தெரியும். அதை நிறுத்தத்தான் தெரியாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்யாணமாகி வந்த முதல் பொங்கலில், மாமனார் ஊரில், சொந்தபந்தம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரிந்துகொண்டேன்.

லாங்போர்டு என்பது நாலு சக்கரம் வைத்த நீளப் பலகை. சரிவின் உச்சியில் ஏறி நின்றால் அது பாட்டுக்குக் கீழே போகும். பிரேக் கிடையாது. (ஹாரனும் கிடையாது. வாயால்தான் கத்த வேண்டும்.) பெங்களூரில் நான் குடியிருந்த அடுக்குமாடியில், கார் நிறுத்தும் அடித்தளத்துக்கு இறங்குகிற சரிவில் விடிகாலையில் ஓட்டுவேன். சரிவு முடியும் இடத்தில் ஒரு தூண் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்து நிற்பேன். என் தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

ஒருநாள் நண்பன் தரையில் படுத்துக்கொண்டு என்னைப் படம் எடுத்தான். அந்தப் படத்தில் தூண் விழவில்லை, வானம் விழுந்துவிட்டது. மலை உச்சியிலிருந்து பாய்கிறவனைப் போல இருந்தேன். பெண் பார்த்து நிச்சயமான பிறகு கயல்விழிக்கு நான் அனுப்பிய முதல் படம் அதுதான். அவள் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர்.

"மலையிலேர்ந்தா எறங்குவீங்க?" என்று கேட்டாள்.

"எறங்குவேன்," என்றேன். (எந்த மலை என்று அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.)

தலைப்பொங்கலுக்குக் கிளம்பும்போது பலகையையும் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு கணக்கு இருந்தது. மாமனார் ஊர் குடவாசல் பக்கம். அங்கே மேடு என்று சொன்னால் வரப்பைக் காட்டுவார்கள். வாய்க்கால் தண்ணீர்கூட எந்தப் பக்கம் போவது என்று சற்று யோசித்துவிட்டுத்தான் நகரும். அப்படிப்பட்ட ஊரில் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் போதும். யாரும் ஓட்டிக் காட்டச் சொல்ல முடியாது, மரியாதை மட்டும் வந்து சேரும் என்று நினைத்தேன்.

போய் இறங்கிய அன்று சாயங்காலமே கயல் சொன்னாள். "நம்ம ரயில்வே கேட்டுகிட்ட புதுசா பாலம் கட்டியிருக்காங்கங்க. நல்லா எறக்கமா இருக்கு. நீங்க ஓட்டலாம்."

பாலம் கட்டி, வெள்ளைக்கோடு போட்டு, விளக்குக் கம்பமும் நட்டு முடித்திருந்தார்கள். திறந்து வைக்க வேண்டியவருக்குத்தான் நாள் அமையவில்லை. அதனால் இரண்டு முனையிலும் தடுப்பு. அந்தப் பக்கத்தில் ஒரு பாலம் சும்மா கிடந்தால் அதில் முதலில் நெல்தான் ஏறும். சுற்றிலும் வயல், மேலே மறைப்பில்லாத வெயில், நல்ல காற்று. நெல் காய வைக்கவே கட்டினார்களோ என்று தோன்றும்.

மறுநாள் காலையில் மாமனார் என்னை அங்கே அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினார். நாங்கள் நின்ற பக்கத்துச் சரிவில் இடது பாதி நெல்லுக்கு, வலது பாதி போக வர. இது அவர்களுக்குள் ஏற்பாடு. இடது பாதியிலும் மேலே தாரிலேயே பரப்பிக் கிடந்தது பக்கத்து வயல்காரர் சேவியர் அண்ணனின் நெல். அதற்குக் கீழே பெரிய படுதா விரித்து, அதன்மேல் மாமனாரின் நெல்.

"மேல கெடக்கிறது சேவியரோட மோட்டா நெல்லுங்க மாப்ள. படுதாவுல கெடக்கிறது நம்ம தூயமல்லி. வெதைக்குங்க. ரெண்டும் கலந்துச்சுன்னா முடிஞ்சுது."

"என்ன மாமா ஆகும்?"

"வெறும் சோறுங்க," என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கயல் விவரமாகச் சொன்னாள். விதை நெல்லில் வேறு ரகம் கொஞ்சம் கலந்தாலும் போச்சு, வாங்கிப் போகிறவன் வயல் முழுக்க அது முளைத்து அவனுடைய ஒரு போகத்தையே கெடுத்துவிடும். பொங்கல் முடிந்ததும் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் விதைக்கு வருவார்கள். மாமனாரிடம் காரில்லை, பதவியில்லை. "அவர்ட்ட வாங்குனா கலப்பு இருக்காது" என்ற பேச்சு மட்டும் இருந்தது. அந்தப் பேச்சைத்தான் அவர் படுதா போட்டுக் காய வைத்திருந்தார்.

இனி நான் ஓட்டியே ஆக வேண்டும். பாலத்தில் கட்டிப்பிடிக்கத் தூண் இல்லாததால், நிறுத்தக் கற்றுக்கொண்டும் ஆக வேண்டும். வீடியோ பார்த்தேன். லாங்போர்டை நிறுத்துவதற்குப் பெயர் சறுக்கு. வேகமாகப் போகும்போதே பலகையைச் சாலைக்குக் குறுக்கே திருப்ப வேண்டும். சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே போகும், வேகம் கரையும். அதற்கு நன்றாகக் குந்தி, உடம்புப் பாரத்தை முன்னங்காலில் போட்டு, குதிகால் பக்கத்துக் கையைத் தரையில் ஊன்றி, மறு கையை வீசிப் பின்னங்காலால் பலகையைத் தள்ள வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. தரையில் ஊன்றுகிற கை தேயாமலிருக்க, கையுறையின் உள்ளங்கையில் வழவழப்பான தட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வட்டமாக வெட்டினால் அருமையாக இருக்கும் என்று வீடியோவில் சொன்னார்கள்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தையிடம் கேட்டேன். தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்லக்கூடாது, அவர் என்ன செய்தாலும் முகம் சுளிக்கக்கூடாது. இது அந்த வீட்டில் எழுதப்படாத சட்டம். ஒரு வார்த்தை கேட்காமல் காயைக் கீழே தள்ளிவிட்டுப் பலகையைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். நான் அதை அவர் கண்ணெதிரிலேயே அறுத்தேன். "போதுங்களா மாப்ள, இன்னொண்ணு இருக்கு," என்றார். அவர் குரலில் துளி வருத்தமில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

காலையில் நெல்லைப் பரப்ப ஆட்கள் வருவதற்கு முன்னால் பயிற்சி. சரிவின் அடிப்பகுதியில் கொஞ்சம் மேலே ஏறி, அங்கிருந்து இறங்குவேன். கயல் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு போனில் வீடியோவையும் நேரில் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

"இன்னும் குனிங்க."

"குனிஞ்சுதானே இருக்கேன்!"

"குனிஞ்சிருக்கிறதா நெனச்சுக்கிட்டு நிமிந்து நிக்கிறீங்க."

முதல் நாள் பலகை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். அடுத்த நாள் சேர்ந்தே விழுந்தோம். ஒரு கால்சட்டை பின்பக்கம் திறந்துகொண்டது. (வெள்ளைக்கோடு போட்ட இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும், அங்கே விழுந்தால் வலி குறைவு என்று கண்டுபிடித்தேன். வீடியோவில் அது இல்லை.) கயல் ஒரு முறையும் சிரிக்கவில்லை. விழுந்து கிடக்கும் என் தலைக்கு மேலே நின்று உராய்வு விசை பற்றி எடுத்துச் சொல்வாள். "நீங்க தரையப் பாக்குறீங்க. அதான் தரைக்கே போறீங்க. எங்க பாக்குறீங்களோ அங்கதான் ஒடம்பு போவும். போவ வேண்டிய எடத்தப் பாருங்க."

மாட்டுப்பொங்கலன்று காலையில் எதிர்பாராமல் அது நடந்தது. கை ஊன்றியது, சக்கரம் கிறீச்சென்றது, பலகை அரை வட்டம் சுற்றி நின்றது. நானும் அதன்மேல் இருந்தேன். கயல் கைதட்டினாள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. நாளைக்கு உச்சியிலிருந்து இறங்கிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் மாமனார் காதில் விழும்படி.

மறுநாள் காணும் பொங்கல். ஊர்சுற்றக் கிளம்புகிற நாள். புதுப்பாலம் இருக்கும்போது வேறெங்கே போவது? மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு அத்தனை குடும்பமும் பாலத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து விளையாடினார்கள். யாரும் தடுக்கவில்லை. நெல்லைக் கிளறிவிட எப்படியும் யாராவது அப்படித்தான் நடக்க வேண்டும், அந்த வேலை சும்மாவே முடிகிறது. ஆனால் காலோடு போன நெல், போக வர விட்டிருந்த வலது பாதியிலும் பரவலாகச் சிந்திக் கிடந்தது. நான் அதுவரை பழகியதெல்லாம் பெருக்கிவிட்டது போன்ற சுத்தமான தார். இதை நான் கவனிக்கவில்லை. தலைக்கவசத்துக்குள் என் முகம் எப்படித் தெரியும் என்பதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் ஏறி நின்றேன். கீழே எல்லோரும் தெரிந்தார்கள். மாமனார் படுதாவின் ஓரத்தில் நின்றார். "மாப்ள, படுதா பக்கம் மட்டும் பாத்துங்க!" என்று குரல் கொடுத்தார்.

நான் பார்த்தேன். இறங்க ஆரம்பித்ததிலிருந்து அதை மட்டுமே பார்த்தேன். கயல் படித்துப் படித்துச் சொன்ன பாடம் வேறெப்போதும் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்ததில்லை. கண் போன பக்கம் பலகையும் போனது. உச்சியிலிருந்து வருகிற வேகம் நான் பழகிய வேகமில்லை. பயந்துபோய்க் குந்தினேன், கையை ஊன்றினேன், பலகையைக் குறுக்கே தள்ளினேன். எல்லாம் வீடியோவில் உள்ளபடியே நடந்தது. ஆனால் கிறீச்சென்ற சத்தம் வரவில்லை. சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவில் நெல் இருந்தது. தேய வேண்டிய சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. என் வாழ்க்கையின் மிக நீளமான, மிக அழகான சறுக்கு அதுதான். நிற்கத்தான் இல்லை.

குறுக்கே திரும்பிய பலகை சேவியர் அண்ணனின் மோட்டா நெல்லுக்குள் புகுந்து, அதை வாரித் தள்ளிக்கொண்டே இறங்கியது. படுதாவின் விளிம்பில் பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. கண் திறந்தபோது தூயமல்லிக்கு நடுவில் மல்லாந்து கிடந்தேன். கழுத்துப் பட்டைக்குள், காதுக்குள், கையுறைக்குள் எல்லாம் நெல். என்னோடு வந்த மோட்டா நெல் படுதாவின் பாதி தூரத்துக்குப் பரவியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நாலு வார்த்தை விழுந்திருக்கும். நான் தலைப்பொங்கல் மாப்பிள்ளை. மாமனார் ஓடி வந்தார்.

"அடி ஒண்ணும் படலீங்களே மாப்ள?"

"இல்ல மாமா. நெல்லு..."

"அது கெடக்கட்டுங்க."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்தி ஒரு கைப்பிடி அள்ளினார். உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். ஒல்லியும் குண்டுமாக இருந்தது. கையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து என் முதுகில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டார். சேவியர் அண்ணன் மட்டும், "நம்மளதுல நல்ல நெல்லு கலந்தா நமக்கு லாபம்தான் மாப்ள," என்று ஆறுதல் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அலுவலகத்துக்குக் குடும்ப அவசரம் என்று எழுதி விடுப்பை நீட்டினேன். அது பொய்யில்லை. கலந்த நெல் முழுவதும் வீட்டுக்கு வந்தது. சல்லடையில் ஓரளவு பிரிந்தது, மீதியை முறத்தில் பரப்பிக் கண்ணால் பார்த்துக் கையால்தான் பொறுக்க வேண்டும். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். எனக்கு மட்டும் கீழே மெத்தை போட்டார்கள். முதல் காபி எனக்கு வந்தது. முதுகு வலிக்கிறதா என்று கேட்டார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டாத வீட்டில் குற்றவாளியாக இருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விதைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாமனார் வாசலிலேயே அவர்களை நிறுத்தி, "இந்தத் தடவ கலந்துபோச்சுங்க, குடுக்கறதுக்கு இல்ல," என்று அனுப்பினார். எப்படி, யாரால் என்று சொல்லவில்லை. உள்ளே முறத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு தடவையும் தலை தானாகக் குனிந்தது. வெட்கமாக இருந்தது. அவரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், தூக்கக் கலக்கத்தில், பொறுக்கிய மோட்டா நெல்லை நான் தூயமல்லிக் குவியலிலேயே கொட்டிவிட்டேன். மாமனார் பார்த்துவிட்டார்.

"கண்ண எங்கய்யா வச்சிருக்க? பாலத்துலதான் தெரியல, மொறத்துலயுமா தெரியாது? ஒரு வருச ஒழப்பய்யா இது!"

அத்தை கரண்டியோடு ஓடி வந்து, "என்னங்க, மாப்ளயப் போயி..." என்றார். கயல் என்னைப் பார்த்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. "மன்னிச்சுக்குங்க மாமா," என்றேன். இத்தனை நாளும் வராத வார்த்தை அப்போது வந்துவிட்டது. அவர் என் கையிலிருந்த முறத்தை வெளிச்சம் பக்கம் திருப்பி வைத்து, "இப்புடி வச்சுப் பாரு," என்றார். மெத்தை அன்றோடு போனது.

அந்த நெல்லை வெளியே யாருக்கும் கொடுக்காமல் அடுத்த சம்பாவுக்குத் தன் வயலிலேயே விதைத்தார். எவ்வளவு பொறுக்கியும் தப்பித்த மோட்டா நெல் ஆங்காங்கே முளைத்தது. தூயமல்லி சாவகாசமாக நின்றுகொண்டிருக்க, அது மட்டும் குட்டையாக நின்று முந்திக்கொண்டு கதிர் தள்ளியது. சேவியர் அண்ணன் வரப்பில் நின்று, "மாமா, ஒங்க வயல்ல மாப்ள நிக்கிறாரு!" என்று கத்தினாராம். அதிலிருந்து அந்த ஊரில் கலப்புப் பயிருக்கே மாப்பிள்ளை என்று பெயராகிவிட்டது. "நாளைக்கு எங்க கொல்லையில மாப்ள புடுங்கணும், நாலு ஆளு வேணும்" என்று என் எதிரிலேயே பேசிக்கொள்கிறார்கள். சில பேருக்கு அது ஏன் அப்படி என்றுகூடத் தெரியாது.

வருடா வருடம் பிடுங்கிப் பிடுங்கி மாமனார் வயலைச் சுத்தம் செய்தார். விதைக்கு ஆட்கள் மறுபடி வரத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் சம்பாவில் கதிர் வந்த சமயத்தில் போன் செய்தார்.

"வயல் முழுக்கத் தேடிட்டேன்யா. ஒரே ஒரு மாப்ளதான் ஆப்புட்டுது."

"புடுங்கிட்டீங்களா மாமா?"

"இல்ல. வரப்போரமா நிக்கிது. வெதைக்கு அந்த ஓரத்த அறுக்க மாட்டேன்," என்றார். பிறகு, "இருந்துட்டுப் போவட்டும்," என்றார்.