மாசிலாமணி கொண்டுபோன டப்பா

புரட்டாசி பிறந்த கையோடு மாசிலாமணி ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை அந்த நாய் இருக்க வேண்டும். முடிவெடுத்த கம்பீரத்தில் மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. பெண்டாட்டி சுலோச்சனா கொல்லையில் நாய்க்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

கொல்லையில் எதற்கு என்று கேட்கிறீர்களா? புரட்டாசி முழுக்க அந்த வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது. ரேணிகுண்டாவில் குடியிருந்துகொண்டு ஏழுமலையானுக்கு அந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி? மனுஷனுக்குக் கீரையும் கத்திரிக்காயும். ஆனால் நாய்க்கு ஏது புரட்டாசி? தனியாக ஒரு அடுப்பு, ஒரு நசுங்கின அலுமினியச் சட்டி, அதில் கோழி ஈரல். அந்த வாசனை நேராக மாசிலாமணியின் கீரைச் சோற்றுக்கு வந்து சேரும்.

"பெருமாளு நாய்க்கு மட்டும் கண்ண மூடிக்கினாரா?"

"வேண்டுதல் வச்சது நீயா அதுவா? வச்சவன் இரு. அது துன்னட்டும்."

நாயின் பேர் நைனா. மகள் சுஷ்மிதா கல்யாணமாகி ஸ்ரீசிட்டிக்குப் போகும்போது விட்டுப்போனது. அந்தப் பக்கத்தில் அப்பாவை நைனா என்பார்கள், செல்லப் பிள்ளையையும் நைனா என்பார்கள். நாய்க்கு அந்தப் பேர். தாலி கட்டினவனுக்கு 'இந்தாய்யா'.

லேத்துப் பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சட்டையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வந்தால், "ஓரமா போய்யா, நைனா தூங்குது" என்பாள். எங்கே தூங்குகிறது? ஃபேனுக்குக் கீழே, கட்டிலில், சுலோச்சனாவுக்குப் பக்கத்தில். மாசிலாமணிக்குக் கூடத்தில் பாய். "நைனா துன்னியா? நைனாவுக்குக் குளுருதா?" என்று அங்கே கொஞ்சுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்கும். அவருக்குப் பொறாமை. ஐம்பதைத் தாண்டின ஆம்பளைக்கு நாய் மேல் பொறாமை! வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். அதனால் உள்ளேயே வெந்துகொண்டிருந்தார்.

வழி காட்டினது பட்டறையில் கூட வேலை செய்யும் முனிரத்தினம்.

"எங்க வூட்டு நாய்க்கு வால் கிட்ட அரிசி அரிசியா ஒட்டிக்கினு இருந்துதுணா. பாத்தா நாடாப்புழு! துண்டு துண்டா வெளிய வந்து காஞ்சி போயி, அச்சு அசல் அரிசி. தெள்ளுப்பூச்சிய நாய் கடிச்சி முழுங்கினா வருமாம்."

"உன் சம்சாரம் பாத்துதா?"

"அலறிட்டா. அந்த நாய வூட்டுக்குள்ளவே வுடலியே!"

மாசிலாமணிக்கு அந்தக் கடைசி வார்த்தை தேனாக இனித்தது. மத்தியானம் டிபன் பாக்ஸில் ஒரு பிடி சோற்றை மிச்சம் வைத்தார். பட்டறைத் தகரத்தின் மேல் காயவைத்தார். சாயங்காலம் சுலோச்சனா கடைக்குப் போன நேரத்தில், கஞ்சியைத் தொட்டு நாயின் வாலடியில் ஒவ்வொன்றாக ஒட்டினார். நைனா திரும்பிப் பாதியை நக்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவர் கையைப் பார்த்தது. திட்டிக்கொண்டே மறுபடி ஒட்டினார். கட்டில் விரிப்பிலும் கொஞ்சம் தூவினார்.

"சுலோச்சனா! ஓடியா! இங்க வந்து பாருமே இந்த அக்கிரமத்த!"

அவள் வந்தாள். குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து விரலில் வைத்து நசுக்கினாள். அலறவில்லை.

"இன்னாயா இது?"

"நாடாப்புழுமே! இப்டியே வுட்டா நம்ம ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கும். சாந்திபுரத்துல உன் தம்பி தோட்டம் வச்சிக்கினு கீறான் இல்ல, அங்க அனுப்பிடு. காவலுக்கும் ஆச்சி."

"டாக்டரம்மா சொல்லட்டும்."

"அவங்க இன்னா சொல்றது? உனுக்குக் கண்ணு தெரில?"

"புழு கீதுன்னு அவங்க சொன்னா நானே என் கையால ஆட்டோல ஏத்தி அனுப்பிடறேன். இல்லன்னு சொன்னா, அப்பால நைனாவப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார், யோசிக்காமல்.

திருப்பதியில் இருக்கிற கால்நடை டாக்டரம்மா பவ்யாவுக்குப் போன் போட்டாள். காலையில் நாயின் மலத்தைக் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் கொண்டுவாருங்கள், மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம் என்றார் அவர். சுலோச்சனா ஒரு மூடி போட்ட டப்பாவைக் கழுவி மாசிலாமணி கையில் கொடுத்தாள்.

"நீதான கண்டுபுடிச்ச. நீயே எடுத்துக்கினு போ."

விடிந்து டப்பாவோடு நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. மகள் போனிலேயே மிரட்டி நைனாவுக்கு வேளா வேளைக்குப் பூச்சி மாத்திரை கொடுக்க வைப்பவள். ஈரல் தின்று பளபளவென்று இருக்கிற உடம்பு. அதற்குள் புழு எங்கே இருக்கப் போகிறது?

ரயில்வே கேட் பக்கம் ஒரு தெருநாய் உண்டு. எலும்பும் தோலுமாக இருக்கும், பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகரும். அதைத் தேடிக்கொண்டு போனார். அது நடந்தால் இவரும் நடந்தார். அது திரும்பினால் இவர் வானத்தைப் பார்த்தார். அது சந்தேகப்பட்டு ஓட, இவரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். எதிரே பால் பாக்கெட்டோடு பக்கத்து வீட்டுக் கங்கம்மாள்.

"இன்னாண்ணா, காலங்காத்தால நாய் பின்னாடி ஓடிக்கினு கீற?"

"வாக்கிங்மா."

"கையில இன்னா டப்பா?"

"டிபனு."

"பல்லு வெளக்கிட்டுத் துன்னுணா" என்று அவள் போய்விட்டாள்.

கடைசியில் அந்தத் தெருநாய் மனசு வைத்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டு அம்மாள் பக்தியோடு எட்டிப் பார்த்து, "பிரசாதமாங்க?" என்றாள். பதறிப்போய் டப்பாவைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். புரட்டாசி மாசத்தில் இந்தப் பாவம் வேறு.

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். "பாபோய்! அன்னீ உன்னாயி!" என்று தெலுங்கில் கத்தினார். "எல்லாப் புழுவும் இருக்கு. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, நாடாப்புழு. நாய் உயிரோடதானே இருக்கு?"

"கீதும்மா" என்றார் மாசிலாமணி, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு.

"எடை பார்த்துத்தான் மாத்திரை தரணும். நாயைக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

அவர் சொன்னது எதுவும் மாசிலாமணி காதில் ஏறவில்லை. ஜெயித்தாயிற்று! நேரே பட்டறைக்குப் போனார். வேலை முடிந்து திரும்பும்போது, என்றைக்கும் இல்லாத திருநாளாக, இரண்டு முழம் மல்லிகை வாங்கினார். இன்றைக்குக் கட்டிலில் படுக்கலாம், ஃபேனுக்குக் கீழே, அவளுக்குப் பக்கத்தில்.

வாசல் வராந்தாவில் சுலோச்சனாவும் கங்கம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நைனா.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்களா? பாவம், இன்னா பண்றது. ஆட்டோ சொல்லட்டுமா?" என்றார் மாசிலாமணி.

"எடை பாக்கணும்னு போன் பண்ணாங்க. கூட்டிக்கினு போனேன். அங்கியே வெளிய போச்சி. அதையும் பாத்தாங்க." சுலோச்சனா நாயின் காதைத் தடவினாள். "ஒரு புழு முட்டைகூட இல்லியாம். அப்ப காலையில வந்த டப்பா யாருதுன்னு கேக்கறாங்க."

மாசிலாமணி பூப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எனுக்கு இன்னா தெரியும்னு சொல்லிட்டேன். வூட்ல கீறது மூணு பேரு. நானு, நைனா, நீ. என்னுது இல்ல. நைனாது இல்ல."

கங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாசிலாமணி யோசித்தார். தெருநாய் கதையைச் சொன்னால் சோறு ஒட்டின கதையும் வெளியே வரும். நாயைத் துரத்தப் பார்த்த பாவி என்று சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். மானம் போகட்டுமா, நாய் மேலே பொறாமைப்பட்டவன் என்கிற பேர் வரட்டுமா?

"என்னுதுதான்" என்றார்.

"இன்னா?"

"என்னுதுதான்னு சொல்றேன் இல்ல! வயிறு செரியில்ல. எனுக்கும் பாத்துக்கலாம்னு எடுத்தேன். டப்பா மாறிப்போச்சி!"

"ஐயோ அண்ணா! நாய் டாக்டர் கிட்டியா?" என்று கங்கம்மாள் எழுந்தாள். அவள் போன வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அடுத்த வீட்டோடு நிற்காது.

சுலோச்சனா கொஞ்சமும் பதறவில்லை. வராந்தா மூலையைக் காட்டினாள். அவருடைய பாய், தலையணை, தட்டு, டம்ளர் எல்லாம் ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தன. மருந்துக் கடையில் வாங்கின பூச்சி மாத்திரைகூடத் தயாராக இருந்தது.

"வாயத் தொற. முழுங்கு. நாக்கக் காட்டு. புழு போற வரைக்கும் வெளிய படு, நைனாவுக்கு ஒட்டிக்கப் போவுது."

மாத்திரை கசந்தது. அதைவிட மற்றதெல்லாம் கசந்தது. பூப் பொட்டலத்தை நீட்ட வாய்ப்பே வரவில்லை. அவள் நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும்போது, பொறுக்க முடியாமல் கூப்பிட்டார்.

"சுலோச்சனா! நெஜத்த சொல்லிடறேன். அது தெருநாய்து. வால்ல ஒட்டினது சோறு."

"தெரியும். நான் வடிச்ச சோறு எனுக்குத் தெரியாதா? நீ கேட் கிட்ட ஓடினத கங்கம்மா வந்து சொல்லிட்டா."

"தெரிஞ்சிக்கினே ஏன்மே இப்டி பண்ண?"

அவள் நிலைப்படியில் நின்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"உன் பக்கத்துல படுக்க எனுக்கு எடம் இல்லியேன்னு இத்தினி வருஷத்துல ஒரு வார்த்த கேட்டிருந்தா, நைனாவ நானே கீழ எறக்கியிருப்பேன்யா. அதக் கேக்க உனுக்கு வாய் வரல, தெருநாய் பீய என்னுதுன்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சி."