அது ஏசித் தண்ணிங்க!

கொடைக்கானலுக்கு வந்துவிட்டுக் காட்டெருமையைப் பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஏசித்தண்ணிக்காரரைப் பார்க்காமல் திரும்பியவர் எவரும் இல்லை. மலைப்பாதையில் நான்கு வளைவுக்கு ஒருவர் வீதம், ஆவி பறக்கும் பானெட்டுக்கு முன்னால், கையில் தண்ணீர்க் கேனோடு நிற்பார். உங்கள் காருக்கு அடியில் ஏதோ சொட்டுகிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். குனிந்து பார்க்கமாட்டார். குனிவது அவர் வழக்கத்திலேயே இல்லை. நின்ற நிலையிலேயே தீர்ப்புச் சொல்வார்: "அது ஏசித் தண்ணிங்க." அதாவது, ஏசி ஓடினால் தானாகச் சொட்டுகிற தண்ணீர், பழுது ஒன்றும் இல்லை.

கொடைக்கானலை அடுத்த எங்கள் ஊர் பள்ளங்கியில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஜெயமுருகன் இந்த இனத்தின் அசல் மாதிரி. பூண்டு விவசாயம், பழைய கார் ஒன்று, உலக விஷயங்கள் அனைத்திலும் உறுதியான அபிப்பிராயம். அவர் மனைவி லீலா டீச்சர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, தெனமும் காருக்கு அடியில ஈரம் கெடக்கு. மெக்கானிக்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருங்களேன்."

"ஏசித் தண்ணிடி அது. போய் உன் சோலியப் பாரு."

ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் மப்ளர் சுற்றி, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு கார் ஓட்டுகிற ஊரில் ஏசி போடுகிறவர் யார்? அதுவும் இருக்கட்டும். ஜெயமுருகன் காரில் ஏசி கெட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது.

ஆனால் இன்ஜின் சூடாவதை அவர் கவனிக்காமல் இல்லை. நன்றாகக் கவனித்தார், கவனித்து, டிக்கியில் மூன்று கேன் தண்ணீர் வைத்துக்கொண்டார், பெருமாள்மலைக்கு மேலே எந்த வளைவில் ஊற்று வற்றாது, எந்த டீக்கடையில் வாளி கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள், எந்தக் கோவில் குழாயில் காலையிலேயே தண்ணீர் வரும் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டார், ஓட்டை எங்கே என்பதை மட்டும் தேடவில்லை. இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட்டுக்கு எதற்காகப் பச்சையும் சிவப்புமாகச் சாயம் போடுகிறார்கள்? ஒழுகினால் கண்ணில் படட்டும் என்றுதானே? நம்மவர் மாதக்கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்தச் சாயத்தையும் கழுவிவிட்டார். அதன்பிறகு ஒழுகியது பார்ப்பதற்கு ஏசித் தண்ணீர் போலவே இருந்தது. தன் கட்சி ஜெயித்துவிட்ட திருப்தி அவருக்கு.

இந்த நேரத்தில்தான் லீலா டீச்சருக்கு மாறுதல் கலந்தாய்வு வந்தது. ஐந்து வருடமாக இரண்டு பஸ் மாறி, இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பி, தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறவர். இப்போது பள்ளங்கிப் பள்ளியிலேயே ஓர் இடம் காலி. நடந்து போகிற தூரம். காலை பத்து மணிக்குத் திண்டுக்கல்லில் இருக்கவேண்டும். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

"பஸ்ஸுலயே வெள்ளனே போயிர்றேங்க" என்றார் டீச்சர்.

"கார் இருக்கையில பஸ்ஸா? ஊர்ல என்ன நெனைப்பாங்க?"

விடிந்ததும் கிளம்பினார்கள். பள்ளங்கியிலிருந்து முதலில் கொடைக்கானலுக்கு ஏறித்தான் திண்டுக்கல்லுக்கு இறங்கவேண்டும். அந்த ஏற்றத்தில், எங்கள் ஊரைத் தாண்டிச் சரியாக ஆறாவது கிலோமீட்டரில், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி பொங்கியது. வண்டி நின்றது.

பின்னால் கேரட் மூட்டைகளோடு வந்த வேனை நிறுத்தி இறங்கினார், எங்கள் ஊர் பழனிமுத்து. அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? குனிந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அண்ணே, கீழ ரேடியேட்டர் ஓஸ் மாட்டுற எடத்துல வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்கு பாருங்க. ரொம்ப நாளா ஒழுகியிருக்கு. கிளிப்பு இத்துப்போச்சு, அம்புட்டுத்தான்."

"ஏசித் தண்ணி..." என்று ஆரம்பித்தார் ஜெயமுருகன்.

"எங்கிட்ட ஒரு கிளிப்பு இருக்கு, இந்தாங்க. ஆனா இன்ஜின் ஆறணும். சூட்டோட மூடியத் தொறந்துறாதீங்க, மூஞ்சி வெந்துரும். அரைமணி நேரமாச்சும் ஆகும்." பிறகு திரும்பி, "டீச்சர், நீங்க வெரசா ஏறுங்க. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்."

டீச்சர் கேரட் வேனில் ஏறினார். பஸ் ஸ்டாண்டை அடையும்போது திண்டுக்கல் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து அவர் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மூன்று முறை கூப்பிட்டார்களாம். பள்ளங்கி இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்து மணி எங்கள் வீட்டு வாசலுக்குக் கேட்கும். இனிமேல் அதை அந்த அம்மாள் எப்படிக் கேட்பார் என்று நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

இன்ஜின் ஆறிய பிறகு ஜெயமுருகன் கிளிப்பை மாற்றியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிளிப்பைப் பத்திரமாக டேஷ்போர்டில் போட்டார். கேனைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். வீடு வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் நானும் ஜெயமுருகனும் வாசலில் நின்றிருந்தோம். டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். எங்களைத் தாண்டி உள்ளே போனார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது; துடைக்கவும் இல்லை. நான் ஜெயமுருகனைப் பார்த்தேன். அவர் நின்ற நிலையிலேயே சொன்னார்:

"குளிர்காத்துங்க. பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காந்தா அவளுக்குக் கண்ணுல தண்ணி வரும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டில் சில மாதங்களாக யாரோ உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது என்னவென்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று வாயில் வந்துவிட்டதா? அப்படியானால் டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தேவைப்படும்.