லண்டனில் இன்னும் வியாழக்கிழமை

2023 ஜூலை 21, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. வட அவுஸ்திரேலியாவில், ஆளரவமற்ற ஓர் ஆற்றங்கரையில், வாடகைக் கரவன் வண்டியின் வாசலில் அப்பா ஒரு கொடுவா மீனைக் கைக்குழந்தைபோல் ஏந்தி நின்றார். லண்டன் வெம்பிளிக் கடையில் வெட்டித் துப்புரவாக்கிய மீனை மட்டுமே வாங்கிப் பழகியவர். ஒரு வாரமாக, உடலெங்கும் பைகள் வைத்த மேலங்கி அணிந்து ஆற்றை முறைத்துக்கொண்டிருந்தார். (பைகளில் இருந்தது மிக்சர்.) அதுதான் அவருடைய முதல் மீன்.

"உள்ளுக்கு கொண்டு வராதேங்கோ! இண்டைக்கு ஆடி வெள்ளி," என்றார் அம்மா.

லண்டனுக்கு வந்த நாள்முதல் அம்மா ஒரு வெள்ளியும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. கரவனின் குளிர்பெட்டியோ பழுதாகியிருந்தது. மீன் நாளைவரை தாங்காது.

"இஞ்சருமப்பா, நாங்கள் லண்டன் ஆக்கள். அங்கை இப்பவும் வியாழன்தானே?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ படிக்கிறனி. உண்மையோ?"

இலக்கிய மாணவியிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. கேட்டதும் தலைகால் புரியவில்லை. "ஓம் அம்மா. ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். இஞ்சை ஒன்பதரைக்குத்தான் அங்கை வெள்ளி பிறக்கும்."

"எதுக்கும் போனிலை ஒருக்காப் பார்," என்றார் அப்பா. அந்த ஆலோசனை பதிலுக்கே தகுதியற்றதென்று கருதினேன்.

செதிலில் பாதி அப்பாவின் மீசையில் ஒட்டியபின், ஒன்பதுக்கு முன்பே குழம்பு இறங்கியது. அம்மா தயங்கினார், என் முகத்தைப் பார்த்தார், சாப்பிட்டார். பிறகு பெருமை தாங்காமல் லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் பெரியம்மாவைப் போனில் அழைத்தார்.

"வெள்ளியும் அதுவுமா மீனோடி? இஞ்சை பன்னிரண்டு தாண்டி அரை மணித்தியாலமாச்சு!"

ஒன்பதரை என்பது குளிர்காலக் கணக்கு. கோடையில் லண்டன் தன் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளிவிடும். (லண்டனில் எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டில் ஆண்டுக்கு இருமுறை அடுப்பின் கடிகாரத்தை மாற்றுபவள் நானேதான்.)

அம்மா கத்தவில்லை. கையைக் கழுவினார். "சரி. லண்டன் வெள்ளியெண்டா லண்டன் வெள்ளி. அது முடியுமட்டும் ஒருத்தரும் மச்சம் தொடேலாது."

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது பிந்தி வந்தால், "பிள்ளையின்ரை லிட்ரச்சர் டைமோ?" என்றுதான் வரவேற்பு.

மறுநாள், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, முந்தையதைவிடப் பெரிய கொடுவா அகப்பட்டது. இம்முறை போனைப் பார்த்தேன்: லண்டனில் வெள்ளி முடிய இன்னும் அரை மணிநேரம்.

"வாளிக்குள்ளை வைச்சிருப்பமே?" அப்பா கெஞ்சினார்.

"வெள்ளியிலை பிடிச்சது வெள்ளி மீன்தான்," என்றார் அம்மா.

நான் தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனை ஆற்றில் விட்டேன்.