மேலகரம் மேட்டில் ஓர் உலகச் சாதனை

பாரிஸும் பார்சிலோனாவும் தலையைப் பிய்த்துக்கொண்டும் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்றைத் தென்காசி தீர்த்துவைத்தது. இதற்காக மனித குலம் மகாதேவனுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மகாதேவன், பொது மிதிவண்டிப் பகிர்வுத் திட்டத்தின் 'தனி அலுவலர்'. அரசுச் செலவில் உலக நகரங்களைச் சுற்றிவிட்டு வந்த கையோடு, தென்காசியிலும் குற்றாலத்திலும் பச்சை சைக்கிள்களை வரிசையாக நிறுத்தினார். போனைக் காட்டினால் பூட்டு திறக்கும். இங்கே எடுத்து அங்கே விடலாம். சைக்கிளுக்குப் போட்டியாக இருக்கிறதென்று, இரண்டு ஊருக்கும் நடுவே ஓடிய டவுன் பஸ்ஸையும் நிறுத்தினார். தொலைநோக்கு என்றால் அதுவல்லவா!

சாரல் பிறந்தது. அருவியில் குளித்தவர்கள் சைக்கிளில் ஏறினார்கள். இறக்கம், முதுகில் மலைக்காற்று. மிதிக்காமலே தென்காசி வந்துவிட்டது. திரும்பிப் போகத்தான் ஆளில்லை. மேடு, மூஞ்சியில் அதே காற்று. வழியிலிருக்கும் மேலகரம் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளியது. ஒரே வாரத்தில் சைக்கிள் அத்தனையும் தென்காசியில். குற்றாலத்தில் வெறும் கம்பி.

அடுத்த வெள்ளிக்கிழமை வெளிநாட்டு விருதுக் குழு வருகிறது. குற்றாலத்தில் சைக்கிள் இல்லையென்றால் விருது இல்லை. விருது இல்லையென்றால் மகாதேவன் பழையபடி பட்டா மாறுதல் பார்க்கப் போக வேண்டும்.

"என்னவே பாண்டி, சைக்கிளையெல்லாம் மேல கொண்டுபோவ வண்டி எதும் கெடக்கா?"

"ஒண்ணு நிக்கி சார். நீங்க நிப்பாட்டுன பஸ்ஸு. நாந்தான ஓட்டுனேன்."

"அதைப் பஸ்ஸுன்னு சொல்லாதீரும். மொதல்ல சீட்டையெல்லாம் கழத்தும்."

சீட்டுகள் கழற்றப்பட்டன. பச்சை பெயின்ட் பூசப்பட்டது. சைக்கிள்கள் ஆடாமல் நிற்கத் தாங்கிகள் பொருத்தப்பட்டன. 'மிதிவண்டி மேலேற்று ஊர்தி. மனிதர் ஏறக் கூடாது' என்று முகப்பில் எழுதியாயிற்று.

வண்டி கிளம்பும்போது, குற்றாலத்தில் பழம் விற்கும் ஆனந்தவள்ளி ரம்புட்டான் கூடையோடு வழிமறித்தாள். பஸ் நின்றதிலிருந்து அவள் பழமெல்லாம் வீட்டில்தான் அழுகிக்கொண்டிருந்தது.

"சார், நானும் வாரேன்."

"மனுசங்க ஏறக் கூடாதும்மா. சைக்கிள் மட்டுந்தான்."

"சரி, நான் சைக்கிள்ல ஏறிக்கிடுதேன். சைக்கிளு எதுல ஏறுனா எனக்கென்ன?"

மகாதேவன் விதிமுறையை முன்னும் பின்னும் புரட்டினார். சைக்கிளில் மனிதர் ஏறக் கூடாதென்று எங்குமே இல்லை! ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: மிதிக்க வேண்டும். மிதித்தால்தானே சவாரி கணக்கில் ஏறும்?

வெள்ளிக்கிழமைக்குள் ஊரே ஏறிவிட்டது. ஓடுகிற பஸ்ஸுக்குள் ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து மிதித்தார்கள். "மேலகரம் வருது, மேடு! நல்லா மிதிங்க!" என்று பாண்டி ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

குற்றாலத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்த விருதுக் குழு, வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்துப் புல்லரித்துப் போனது. எதிர்காற்றில், ஏற்றத்தில், பழக்கூடையோடு சைக்கிள் சவாரி! குழுத் தலைவி ஆனந்தவள்ளியிடம் மைக்கை நீட்டினார். மகாதேவன் குறுக்கே புகப் பார்த்தார்; அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"போன மாசமும் இதே பஸ்லதாம்மா போனேன். அப்ப சீட்டு இருந்துச்சு. சும்மா உக்காந்து போவோம். இந்த மவராசன்தான் சீட்டைக் கழத்திட்டு எங்களை மிதிக்க விட்டிருக்காரு."

மகாதேவனின் உதவியாளர் குமரகுரு நல்ல மனிதர். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். குழு எழுந்து நின்று கைதட்டியது. 'சும்மா உட்கார்ந்திருந்த மக்களை மிதிக்க வைத்த மாமனிதர்' என்று பொறித்துக் கேடயம் தந்தது.

கேடயம் பெரிது. மேசையில் நிற்கவில்லை. பஸ்ஸில் கழற்றிய சீட் ஒன்றைத் தம் அறைக்குக் கொண்டுவந்து, அதன்மேல் சாய்த்து வைத்திருக்கிறார் மகாதேவன். அந்த பஸ் சீட்டில் இன்று சும்மா உட்கார்ந்திருப்பது அது ஒன்றுதான்.