முதலில் கேட்டவள் அக்கா

“சார், இந்தக் கேஸ் ஊத்திக்கப் போகுது” என்றாள் ஜூனியர்.

வக்கீல் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மென்பொருள், செயற்கை அறிவு என்று காப்புரிமை வழக்குகளிலேயே தலை நரைத்தவர். எதை யார் முதலில் கண்டுபிடித்தார் என்று கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வீட்டுக்குப் போனால், பேச ஒரு ஆள் கிடையாது. அதனால் வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்த்தரப்புக் கம்பெனியிடம் ஒரு புரோகிராம் இருந்தது. தனியாக இருப்பவர்களிடம் தினமும் போனில் செய்தி அனுப்பி நலம் விசாரிக்கும். பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிக் கேட்கும். ஐந்து வருடத்துக்கு முன் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். வக்கீலின் கட்சிக்காரர் அதைக் காப்பியடித்துவிட்டார் என்பதுதான் வழக்கு.

“அவங்களுக்கு முன்னாடியே யாராவது இதைச் செஞ்சிருந்தா அந்தக் காப்புரிமை செல்லாது. ஆனா யாரும் செய்யலையே, சார்.”

“செஞ்சிருக்காங்க. எங்க அக்கா!” வக்கீல் துள்ளி எழுந்தார். “பத்து வருஷமா தினம் கேக்கறா!”

போனை வாங்கிப் பார்த்தாள் ஜூனியர். ‘சாப்பிட்டியா?’ ‘உடம்பு சரியில்லையா?’ ‘சரி, வேலையா இருப்பே.’ மறுநாள் மறுபடியும் ‘சாப்பிட்டியா?’

“நீங்க ஒரு தடவைகூட பதில் போடலையா?”

“வேலை இருந்துச்சும்மா. அதுவும் நல்லதாப் போச்சு. பதில் வராட்டி கேள்வி மாறுது பாரு!”

“ஆனா உங்க அக்கா மனுஷி, சார். மெஷின் செஞ்சிருந்தாத்தான் நமக்கு உதவும்.”

வக்கீல் விடுவாரா? அக்கா ஒரு நாள்கூடத் தவறியதில்லை, ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை, ஆகவே அவளை இயந்திரத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று மனு போட்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இயந்திரத்தை நேரில் பார்க்க விரும்புவதாகச் சொன்னார்.

வேறு வழியில்லை. அக்காவுக்குப் போன் போட்டார்.

“நீயாடா? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?”

“இல்லக்கா. ஒரு சாட்சி சொல்லணும்.”

“அதானே பார்த்தேன். வரேன்.”

அன்று மாலை காலியான சமையலறையில் உட்கார்ந்து அக்கா அனுப்பியதையெல்லாம் படித்தார். அழுகை வந்தது. நம்மையும் கேட்க ஒருத்தி இருக்கிறாள், இனி தினமும் பதில் போட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போதே ‘சாப்பிட்டேன்க்கா’ என்று அனுப்பினார்.

விரலை எடுப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. ‘ரொம்ப சந்தோஷம். என்ன சாப்பிட்டே?’

இத்தனை வருஷமும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள் என்று உருகிப்போனார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அக்காவிடம் சிரித்த முகத்தோடு வந்தார். “அம்மா, நீங்க மெஷின் இல்லையே? இதெல்லாம் நீங்களே உங்க கையால அனுப்பினதுதானே?”

வக்கீல் கண் கலங்க அக்காவைப் பார்த்தார். கேஸ் போனால் போகட்டும், அக்கா இருக்கிறாள்.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பாமல் நீதிபதியிடம் சொன்னாள்:

“மொத வருஷம் நான்தாங்க அனுப்பினேன். பதிலே வராம மனசு விட்டுப்போச்சு, அதைப் பார்த்துட்டு என் மக ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தா. ஒன்பது வருஷமா அதுதாங்க இவனைக் கேக்குது!”