ஊருக்காக அழுத்திய பட்டன்

மனைவியின் ஏ.சி.யை நிறுத்தியே தீருவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த கையோடு, அது அவள் காதில் விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு வேலை மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில். ஊர் செலவழிக்கும் மின்சாரமும் நிலையங்கள் அனுப்பும் மின்சாரமும் நொடிக்கு நொடி சரிசமமாக இருக்க வேண்டும். செலவு மிஞ்சினால் திரையில் ஒரு கோடு இறங்கும். ரொம்ப இறங்கினால் ஊரே இருண்டுவிடும், ஆஸ்பத்திரி உட்பட. ஆபீசில் பவர் என் கையில். வீட்டில் பவர் யார் கையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“எல்லாரும் ஏ.சி. போடற நேரம். நாமாவது கொஞ்சம் அணைச்சு வைக்கலாமே?” என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“ஊரை நீங்க சமாளிங்க. வீட்டை நான் சமாளிக்கறேன்.”

அதனால்தான் எங்கள் வீட்டையும் ரகசியமாகப் புதுத் திட்டத்தில் சேர்த்தேன். தட்டுப்பாடு வந்தால், சேர்ந்த வீடுகளின் ஏ.சி.யை ஆபீசிலிருந்தே அணைக்கலாம். பழி கம்ப்யூட்டர் மேல் போகும். அதற்கான கருவியை வீட்டில் மாட்டவிருந்த எலக்ட்ரீஷியனிடம், “நான் இல்லாத நேரமா பாத்துப் போங்க” என்றேன். பக்கத்தில் நிற்கத் தைரியம் இல்லை.

மாமியார் வந்து இறங்கிய வாரம் வெயில் கொளுத்தியது. ஒரு பிற்பகல் திடீரென்று மேகம் மூடி, சூரிய மின்சாரம் படுத்துவிட்டது. வெயில் போனாலும் புழுக்கம் போகவில்லை. ஊரில் ஒரு ஏ.சி.யும் ஓயவில்லை. கோடு சறுக்கியது.

“அழுத்துய்யா!” மேலதிகாரி கத்தினார்.

“சார், அதுல எங்க வீடும் இருக்கு. மாமியார் வேற...”

“அழுத்தலேன்னா ஆஸ்பத்திரியே இருட்டாயிடும்யா!”

கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். கோடு மெல்ல நிமிர்ந்தது. ஊர் பிழைத்தது. உடனே என் போன் அடித்தது. மனைவி! எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ஊரின் மின்னழுத்தம் சீரானது, என் ரத்த அழுத்தம் எகிறியது.

தட்டுப்பாடு தீரவில்லை. அணைத்தவை அணைந்தபடியே இருக்க, வீட்டுக்குக் கிளம்பினேன். உள்ளே வெந்துபோன மாமியார். பக்கத்தில் இடுப்பில் கை வைத்த மனைவி. அப்படித்தான் கண்ணுக்குள் தெரிந்தது. கடவுளே என்று கதவைத் திறந்தேன்.

சில்லென்று காற்று அடித்தது.

“போனை ஏன் எடுக்கல? அம்மாவுக்கு ஏ.சி. குளிர் தாங்கல. கனமா ஒரு போர்வை வாங்கிட்டு வரச் சொல்லத்தான் அடிச்சேன்.”

“ஏ.சி... அணையலையா?”

“அது ஏன் அணையணும்? உங்க எலக்ட்ரீஷியன் வந்தாரே. தட்டுப்பாடு வந்தா அணையற கருவியாம். எந்த லைன்ல மாட்டட்டும்னு கேட்டார். மரியாதையான மனுஷன்.”

“நீ... என்ன சொன்ன?”

“இந்த வீட்ல எது இல்லாட்டியும் சமாளிக்கலாமோ, அதுல மாட்டச் சொன்னேன்.”

ஓடிப்போய் என் அறையைத் திறந்தேன். விளக்கு இல்லை. ஃபேன் இல்லை. இருட்டுக்குள்ளிருந்து அனல் வந்து முகத்தில் அறைந்தது.

இப்போதெல்லாம் ஊருக்கு மின்சாரம் பற்றாவிட்டால், முதலில் அணைவது நான்தான்.